மூச்சுக்கு ரேஷன்

கச்சிராயபாளையம்
28.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மலர்விழி எழுதுவது. நானும் அத்தையும் நலம். எல்லைப் பக்கத்து அணை என்பதால் முகாமில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லி எத்தனை கெஞ்சியிருப்பேன்! இப்போது வேறு வழியில்லாமல் எழுதப் போகிறீர்கள். ஒவ்வொரு கடிதமும் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, அதுதான் எரிச்சல்.

நீங்கள் அனுப்பிய டைவிங் ரெகுலேட்டர் நான்கையும் சர்வீஸ் செய்து இன்று பார்சலில் போட்டுவிட்டேன். இவை பாண்டிச்சேரிக் கடலுக்கென்று வாங்கியவை. வெதுவெதுப்பான தண்ணீரில் மூச்சு தானாக வரும். அதையே உங்கள் பனி ஏரியில் இறக்கினால் கதை வேறு. சிலிண்டரில் அடைபட்ட காற்று விரிந்து வரும்போது மேலே மாட்டும் பித்தளைத் தலை சில்லிட்டுப் போகும். அதற்குள் புகுந்த தண்ணீர் உறைந்து, வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காற்று நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும். பாண்டிச்சேரியில் நாம் வேலை பார்த்த டைவிங் கடையில் ஃப்ரீ ஃப்ளோ என்று சொல்லிச் சொல்லிப் பயமுறுத்துவார்களே, அதுதான்.

அதனால் அந்தப் பித்தளைத் தலையில் காற்றழுத்தத்தைக் குறைத்திருக்கிறேன். வாயில் கவ்வும் பகுதியின் ஸ்பிரிங்கை இறுக்கியிருக்கிறேன். மூச்சைக் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், முனகாதீர்கள். தலையில் உள்ள ஓட்டைகளுக்கு மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை மாட்டியிருக்கிறேன். உள்ளே என் வேலை இருக்கிறது, அதில் யாரும் கை வைக்க வேண்டாம். கரையில் நின்று பட்டனை அழுத்தி உஸ்ஸென்று ஊதிப் பார்க்கும் உங்கள் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் போன பிறகுதான் முதல் மூச்சு.

சோதித்துப் பார்க்கக் கள்ளக்குறிச்சி மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பார் வாங்கி வந்து, டிரம்மில் உப்புப் போட்டு நிரப்பினேன். அத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மீன் யாவாரம் பண்ணப் போறியா? வூடே நாறப் போவுது" என்றார்கள். நான்கையும் அந்தத் தண்ணீரில் முக்கி, கை மரத்துப் போகும் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை. தைரியமாக இறங்குங்கள்.

உங்கள்
மலர்

*

அணை முகாம்
12.10.2024

அன்புள்ள மலருக்கு,

பார்சலும் கடிதமும் கிடைத்தன. எனக்கு உன்னைப் போல் எழுத வராது. சோறு சரியில்லை, குளிர் தாங்கவில்லை, மற்றபடி சௌக்கியம்.

ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை இறங்கினோம். அணை வாயில் இருக்கும் கம்பிச் சல்லடையில் மரமும் செடியுமாக அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை வெட்டி எடுப்பதுதான் வேலை. கோளாறு எதுவும் இல்லை. ஆனால் இழுத்து இழுத்துக் கன்னம் வலிக்கிறது. உளுந்தூர்பேட்டைப் பையன் ஆகாஷ் இருக்கிறானே, என் ஜோடியாக இறங்குகிறவன், அவன் மேலே வந்ததும் முதல் வேலையாக, "அண்ணே, அண்ணி இன்னா மூச்சுக்கு ரேஷன் போட்டு அனுப்பிக்கிறாங்களா? கார்டு கீது காட்டணுமா?" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். முகாமில் இப்போது உன் பெயர் ரேஷன் கடை அண்ணி.

நேற்று ஆயுத பூஜையை ஜமாய்த்துவிட்டோம். கல்வராயன் மலை வெள்ளிமலைக்காரன் இருசப்பன் எங்கிருந்தோ பொரியும் கடலையும் பிடித்து வந்தான். ஜெனரேட்டர், கட்டிங் மெஷின், சிலிண்டர், கயிறு எதையும் விடவில்லை. ஊரில் டிராக்டரைக் கழுவுவது போல எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினோம். உன் ரெகுலேட்டர் நாலுக்கும் நானே பொட்டு வைத்தேன். வடக்கத்தி இன்ஜினியர்கூட வந்து பொரி வாங்கித் தின்றார். அம்மாவிடம் சொல், சந்தோஷப்படும்.

ஏரி ஓரத்தில் பனிக்கட்டி கட்ட ஆரம்பித்துவிட்டது. அதை உடைத்துப் பாதை போட்ட பிறகுதான் இனி இறங்குவோம்.

தமிழழகன்

*

அணை முகாம்
21.10.2024

மலர்,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

நேற்று ஆகாஷ் இறங்கினான். பூஜைக்குப் பிறகு முதலில் இறங்கியது அவன்தான். நான் மேலே கயிறு பிடித்திருந்தேன். அவன் சல்லடைக்குப் போய்ச் சேர்ந்ததாக ஒரு இழுப்பு கொடுத்தான். அடுத்து அவன் இழுப்பதற்குள் தண்ணீர் மொத்தமும் கொதிப்பது போல் குமிழி வந்தது. அத்தனை குமிழி நான் பார்த்ததே இல்லை. கயிற்றை இழுப்பதற்குள் அவனே மேலே பாய்ந்து வந்துவிட்டான். ரெகுலேட்டர் வாயில் இல்லை. பக்கத்தில் மிதந்துகொண்டு அது பாட்டுக்குக் காற்றைக் கொட்டுகிறது. சிலிண்டர் காலியாகும் வரை அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே வந்திருக்கிறான். நுரையீரல் கிழிந்துவிட்டதாம், காற்று ரத்தத்தில் கலந்து தலைக்குப் போய்விட்டதாம். வாயில் ரத்த நுரை. என்னைப் பார்க்கிறான், ஆனால் பேச்சு வரவில்லை. வலது கையும் காலும் துணி போல் கிடக்கின்றன.

இன்று காலை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துணைக்கு இருசப்பன் போயிருக்கிறான்.

நீ என்ன செய்தாய் மலர்? எந்தத் திருகைத் தளர்த்தினாய்? ஐஸில் போட்டுப் பார்த்தேன், தைரியமாக இறங்குங்கள் என்று எழுதினாயே. அதை நான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதை நம்பித்தான் அவன் இறங்கினான். ஏன் இப்படி ஆனது என்று இன்ஜினியர் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சர்வீஸ் பண்ணியது யார் என்று கேட்டார்கள், உன் பெயரைச் சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

கான்ட்ராக்டரின் ஆள் அந்த ரெகுலேட்டரைப் போட்டோ எடுத்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டான். நான் அதை எடுத்து, ஊருக்கு வரும்போது உன்னிடம் கொடுக்கச் சொல்லி இருசப்பனிடம் அனுப்பியிருக்கிறேன். திறந்து பார். பார்த்துவிட்டு உண்மையை எழுது.

தமிழழகன்

*

கச்சிராயபாளையம்
31.10.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தேன். என்ன ஏதென்று கேட்ட அத்தைக்கும் படித்துக் காட்டினேன்.

இன்று தீபாவளி. தெருவெல்லாம் வெடிச் சத்தம். விடிந்ததும் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆகாஷின் மனைவி ராதிகா. உளுந்தூர்பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"எங்கூட்டுக்காரரு மூச்ச இன்னா பண்ணி அனுப்புனீங்க? ஒங்களால ஆச்சுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. ஒரு பக்கம் வெளங்காம கெடக்குறாராம். எனக்கு ஒரு பதில் சொல்லுங்க, நான் போயிடுறேன்" என்றாள்.

அத்தைதான் முன்னால் வந்தார்கள். "யம்மாடி, நான் அவள ஆயிரம் திட்டுவேன். ஆனா ராவும் பகலுமா அதத்தான் நோண்டிக்கினு இருந்தா, நான் பார்த்தேன். எதையும் அரகொறயா வுடுறவ இல்ல எம்மருமவ" என்றார்கள். ராதிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தப் பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது.

முந்தாநாள் கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் போன் செய்தார். சர்வீஸ் செய்த பெண் நீங்கள்தானா, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, "தமிழழகனுக்கும் உங்களுக்கும் எப்படிப் பழக்கம்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாண்டிச்சேரியில் தெரிந்த ஒரு பொம்பளை என்று நீங்கள் வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்களாம். பொய் சொல்ல வாய் வரவில்லை என்று எனக்கு எழுதினீர்களே, பெண்டாட்டி என்று சொல்லவும் வரவில்லையா? உங்கள் வேலை போய்விடும் என்று பயந்தீர்களா, அல்லது என்னைச் சொல்லிக்கொள்ளவே கூசியதா? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

நான் எந்தத் திருகையும் தளர்த்தவில்லை. பூஜைக்கு முன்னால் இரண்டு தடவை இறங்கியபோது கோளாறே இல்லை என்று எழுதியது நீங்கள்தான். நான் விட்டது ஏதாவது இருக்குமோ என்று ஒவ்வொரு பாகமாக மனதுக்குள் கழற்றி மாட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. என் கையால்தான் அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆனது என்றால் இனி நான் ஒரு ஸ்பேனரைத் தொட மாட்டேன். அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. இருசப்பன் எப்போது வருவான்?

மலர்விழி

*

கச்சிராயபாளையம்
9.11.2024

மாமா, இதைப் படித்து முடிக்கும் வரை தண்ணீரில் இறங்காதீர்கள். மீதி மூன்று ரெகுலேட்டர்களையும் யாரும் தொட வேண்டாம். முக்கியமாக உங்களுடையதை.

இருசப்பன் நேற்று வந்தான். அவன் முன்னாலேயே திறந்தேன். ஸ்பிரிங் நான் இறுக்கியபடியே இருக்கிறது. அழுத்தத்தைக் கேஜில் வைத்துப் பார்த்தேன், நான் வைத்த அளவுதான். திருகில் யாரும் கை வைக்கவில்லை. டியூப் பட்டையைக் கழற்றினேன். ஓட்டைகளுக்குள் நான் அடைத்திருந்த சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டுகூட இல்லை. பித்தளை பளபளவென்று மின்னுகிறது. ஒரு ஓட்டை ஓரத்தில் காய்ந்த சந்தனம்.

இருசப்பனைக் கேட்டேன். பாவம், அதன் அர்த்தம் தெரியாமலே சொன்னான். "பூசைக்கி முன்னாடி அண்ணந்தான் ஒக்காந்து, அந்தப் பட்டைய உருவிட்டு, பல்லு வெளக்குற பிரஷ்ஷால சுடுதண்ணி சோப்பு ஊத்தித் தேச்சிக்கினு இருந்தாரு. உள்ளார வெள்ளையா கொழகொழன்னு இருந்துச்சி. 'பாத்தியாடா, எம்பொண்டாட்டி தொடைக்காமயே அனுப்பிக்கிறா'ன்னு சிரிச்சாரு. அப்பறம் பழையபடி மாட்டிட்டாரு" என்றான்.

நீங்கள் துடைத்தது அழுக்கு இல்லை. தலைக்குள் தண்ணீர் புகாமல் காத்ததே அந்தக் கிரீஸ்தான். உறையாத கிரீஸ் அந்த இடத்தை அடைத்திருந்தால் அங்கே பனிக்கட்டிக்கு இடமில்லை. அதைக் கழுவிவிட்டீர்கள். கழுவிய தண்ணீரும் பட்டைக்குள் தங்கியிருக்கும். ஆகாஷ் கீழே போய் நாலு மூச்சு இழுத்ததும் அது உறைந்து வால்வைப் பிடித்துக்கொண்டது. நான் செய்த மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லாமல் போய்விட்டது.

பூஜைக்கு முன்னால் பொருளை மினுங்கத் துடைக்காமல் பொட்டு வைக்க உங்களுக்கு மனம் வராது, தெரியும். உங்கள் அப்பா பம்புசெட்டைக் கழுவியதும் அப்படித்தான் என்று அத்தை சொல்வார்கள். அதில் கை வைக்காதீர்கள் என்று நான் எழுதியது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லையா? கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான்கையும் கழுவியிருக்கிறீர்கள், அதில் ஒன்று உங்களுடையது. அதை நினைத்ததும் முதலில் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆபீசுக்குப் போன் செய்தேன். மூன்று ரெகுலேட்டரும் ஆபத்து, முகாமுக்குச் சொல்லுங்கள் என்று கத்தினேன். "விசாரணை நடக்குதும்மா, நீங்க எங்ககிட்ட பேசக் கூடாது" என்றார். நான் அவர் பெண்டாட்டி என்றேன். "அவர் அப்படிச் சொல்லலியேம்மா" என்று வைத்துவிட்டார். இருசப்பனும் பேசினான். "சொல்லிடறோம்னு சொல்றாங்க அண்ணி, சொல்ல மாட்டாங்க" என்கிறான். இதையே இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றைக் கள்ளக்குறிச்சியில் ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், இன்னொன்றைக் கூரியரில் அனுப்புகிறேன். எது முதலில் வந்தாலும் சரி. அது வரும் வரை உங்களுக்கு ஜுரமாவது வரட்டும் என்று சாமி கும்பிடுகிறேன்.

மலர்

*

அணை முகாம்
10.11.2024

மலர்,

உன் தீபாவளிக் கடிதம் வந்தது. நம் பையன்களுக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது. பெண்டாட்டியிடம் சர்வீஸுக்குக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இந்த வேலையை விட்டால் நமக்கு என்ன இருக்கிறது?

நாளை நான் இறங்குகிறேன். சல்லடை வேலை முடிந்தாக வேண்டும். உன் ரெகுலேட்டர் மூன்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். கான்ட்ராக்டர் வாங்கித் தர மாட்டேன் என்றார். சண்டை போட்டு, குளிருக்கென்றே செய்தது என்று தில்லியிலிருந்து வரவழைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், நீ தொட்டதை வாயில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. மாட்டிப் பார்த்தேன், ஆகாஷின் வாய் நுரைதான் கண்முன்னால் வந்தது.

ஆகாஷுக்குக் கொஞ்சம் பேச்சு வருகிறதாம். கையும் காலும் அப்படியேதான்.

தமிழழகன்

*

அணை முகாம்
19.11.2024

மலர்,

நீ ஸ்பீடு போஸ்டில் போட்ட கடிதம் இன்று காலை ரேஷன் லாரியில் வந்தது. நின்றபடியே படித்தேன். படித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மூன்றிலும் பட்டையை உருவிப் பார்த்தேன். மூன்றும் பளபளவென்று இருக்கின்றன. நான் துடைத்ததுதான்.

நம்ப முடியாமல் என்னுடையதை ஒரு சிலிண்டரில் மாட்டி, கயிற்றில் கட்டி, பனிக்கட்டியை உடைத்த இடத்தில் இறக்கினேன். பட்டனை விட்டு விட்டு அழுத்தும்படி ஒரு கம்பியும் கட்டியிருந்தேன். கொஞ்ச நேரம்தான் ஓடியது. அதற்குள் அதே குமிழி, அதே சத்தம். நிறுத்த முடியவில்லை. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். அதைக் கழுவியது நான், சர்வீஸ் செய்தது என் மனைவி, அவள் மேல் குற்றம் இல்லை என்று. அவருக்கு முதலில் புரியவில்லை. பூஜைக்கு ஏன் சோப்புப் போட்டுக் கழுவினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு என்னவென்று விளக்குவேன்? சாமிக்கு முன்னால் அழுக்காக வைக்கக் கூடாது என்றேன். எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போய்விட்டது. அடுத்த லாரியில் இறங்கி, வழியில் ஆஸ்பத்திரியில் ஆகாஷைப் பார்த்துவிட்டு ஊருக்கு வருகிறேன்.

நீ எழுதியிருந்ததை மறந்தேனா, அலட்சியமா, எனக்கே தெரியவில்லை. அவன் கிடந்த கிடை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு உதவி மட்டும் செய். ராதிகாவிடம் நீ போய்ச் சொல்லிவிடு. பெண்ணுக்குப் பெண் பேசினால் புரிந்துகொள்வாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

தமிழழகன்

*

கச்சிராயபாளையம்
29.11.2024

தமிழழகன் அவர்களுக்கு,

நீங்கள் 10ஆம் தேதி எழுதியதும் 19ஆம் தேதி எழுதியதும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. போன் கைக்கு வந்திருக்கும், ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. ஊருக்குக் கிளம்பியிருப்பீர்கள் என்பதால் இதை ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

முதலில் பழைய கடிதத்தைத்தான் பிரித்தேன். நாளை இறங்குகிறேன் என்ற வரியைப் படித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த வரியில் என் ரெகுலேட்டரைப் பூட்டி வைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அடுப்படியில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன், உடனே அழுதேன். அத்தை பயந்துபோய் ஓடிவந்தார்கள். "அவருக்கு ஒண்ணும் ஆவல அத்தே, என்னிய நம்பல, அதனால பொழைச்சிக்கினாரு" என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்கும் இது இன்னும் ஜீரணமாகவில்லை. நான் தொட்டதை வாயில் வைக்கத் தைரியம் இல்லை என்று எழுதினீர்கள். என்னை நம்பி அதை வைத்திருந்தால் உங்களைப் பெட்டியில் கொண்டுவந்திருப்பார்கள். அந்த வரிக்காக நான் சாமிக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, அதே வரிதான் நெஞ்சில் குத்திக்கொண்டும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ராதிகாவிடம் நான் போக மாட்டேன். நான் போய்ச் சொன்னால், தன்மேல் வந்த பழியைப் புருஷன் தலையில் போடுகிறாள் என்றுதான் நினைப்பாள். அவள் என் வாசலில் நின்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம் இருக்கிறது. பஸ் உளுந்தூர்பேட்டையில் நிற்கும், இறங்கிக்கொள்ளுங்கள். அவள் வீடு எதுவென்று இருசப்பன் காட்டுவான், ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவள் அடித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் செய்த பெண் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சொல்லி முடித்துவிட்டுக் கச்சிராயபாளையம் பஸ் ஏறுங்கள்.

வந்தால் சோறு போடுவேன், வெந்நீர் வைத்துத் தருவேன். அதில் குறை வராது. ஆனால் உங்களை நம்பு என்று மட்டும் இப்போதைக்கு என்னைக் கேட்காதீர்கள்.

மலர்விழி